மரத்தரையைக் குளிப்பாட்டாதீர்கள்!

மரத்தரை போட்ட வீட்டுக்கு முதல் தடவை போகிறவர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். குனிந்து விரலால் 'டொக் டொக்' என்று தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் வீட்டுக்காரம்மாவிடம் மெதுவாகக் கேட்பார்கள்: "ஏங்க, இதை எப்படிங்க துடைக்கிறீங்க? தண்ணி படலாமா?"

ரொம்ப நியாயமான கேள்வி. தரை போட்டுக் கொடுத்தவர் பெரும்பாலும் இதைச் சொல்லாமலே போயிருப்பார். நாமும் மொசைக்கையும் டைல்ஸையும் துடைத்துப் பழகிய கையோடு, ஒரு பக்கெட் தண்ணீர், அதில் ரெண்டு மூடி ஃபினாயில், சொட்டச் சொட்ட நனைத்த துணி என்று ஆரம்பித்து விடுகிறோம். சில மாதங்களில் பலகை ஓரங்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். நடக்கும்போது 'க்ரீச்' என்று சத்தம். இடுக்குகளில் கறுப்புக் கோடு. "மட்டமான சரக்கைப் போட்டு ஏமாத்திட்டான்" என்று பில்டரைத் திட்டுகிறோம்.

ஒரு காலத்தில் மரத்தரை என்றால் ஊட்டி, குன்னூர் பங்களாக்கள், நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் மச்சு, அவ்வளவுதான். இன்று சென்னை, கோவை ஃப்ளாட்டுகளில் ஒரு பெட்ரூமுக்காவது மரத்தரை போட்டுக்கொள்வது சகஜமாகிவிட்டது.

'அது சரி, ஆரோக்கியப் பத்திரிகையில் தரைக்கு என்ன வேலை?' என்று தோன்றுகிறதா? வீட்டில் தரையோடு ரொம்ப நெருக்கம் யாருக்கு என்று யோசியுங்கள். தவழ்கிற குழந்தைக்கு. தரையைத் தொட்ட கை அடுத்த நொடி அதன் வாயில் இருக்கும். கால் ஊன்றத் தடுமாறும் பாட்டிக்கு. அப்புறம், தினமும் குனிந்தும் மண்டியிட்டும் அதைத் துடைக்கிற பெண்ணுக்கு. அது நீங்களாகவும் இருக்கலாம், வேலைக்கு வருகிற அம்மாவாகவும் இருக்கலாம். இதில் ஒரு வசதி உண்டு. மரத்துக்கு எதெல்லாம் ஆகாதோ அதில் முக்கால்வாசி இந்த மூன்று பேருக்கும் ஆகாது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதும் தப்பிக்கும்.

உங்கள் தரை எந்த ஜாதி?

'மரத்தரை' என்று நாம் சொல்வது நான்கு விதம். முதலாவது அசல் பலகை. தேக்கு, ஓக் போன்ற கெட்டி மரத்தை முழுசாக இழைத்துப் போட்டது. இரண்டாவது, 'இன்ஜினீயர்டு வுட்' என்பார்கள். மேலே சில மில்லிமீட்டர் கனத்துக்கு நிஜ மரம், அடியில் பிளைவுட் மாதிரி ஒட்டுப்பலகை. மூன்றாவது லேமினேட். இதில் நீங்கள் பார்ப்பது மரமே அல்ல, மரத்தின் போட்டோ! மரத்தூளை அழுத்திச் செய்த அட்டையின் மேல் அந்தப் படத்தை ஒட்டி, கெட்டியான பிசின் பூச்சு போட்டிருப்பார்கள். நான்காவது வினைல். பிளாஸ்டிக்கில் மர டிசைன்.

கண்டுபிடிப்பது சுலபம். நாலைந்து பலகைகளை உற்றுப் பாருங்கள். ஒரே மாதிரி சுழியும் கோடும் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்த படம். அதாவது லேமினேட் அல்லது வினைல். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் மெத்தென்று இருப்பது வினைல். நாலில் தண்ணீருக்கு அதிகம் பயப்படாதது வினைல் மட்டும்தான். அதிகம் பயப்படுவது லேமினேட். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், அசல் மரமாவது நனைந்து உப்பினால் காய்ந்ததும் ஓரளவு பழைய நிலைக்கு வரும். லேமினேட்டின் உள்ளே இருக்கும் அட்டை ஒருமுறை உப்பினால் உப்பினதுதான். அந்தப் பலகையைக் கழற்றி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அசல் மரமாக இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அதிகமாக நடமாடுகிற இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். முத்து மாதிரி மேலேயே நின்றால் பாலிஷ் நன்றாக இருக்கிறது. உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால் பாலிஷ் தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட தரையில் ஈரத்துணியே வேண்டாம். பாலிஷ் போடுகிற வரைக்கும் வெறும் காய்ந்த துணிதான்.

தண்ணீர் ஏன் ஆகாது?

மரம் வெட்டப்பட்ட பிறகும் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதில்லை. ஒரு கட்டு ஸ்ட்ராவைச் சேர்த்துக் கட்டின மாதிரிதான் அதன் உள்ளமைப்பு. காற்றில் ஈரம் ஏறினால் உறிஞ்சிப் பருக்கும். காற்று காய்ந்தால் விட்டுவிட்டுச் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மர ஜன்னல் இறுகிக்கொண்டு மூட மறுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சமாச்சாரம்தான். நீளவாக்கில் அனேகமாக மாறாது. அகலவாக்கில்தான் பருக்கும். அதனால்தான் சுவரோரம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைத்து வைப்பார்கள். 'அசிங்கமா சந்து தெரியுதே' என்று அதில் சிமெண்ட் பூசி அடைத்து விடாதீர்கள். பலகைக்கு மூச்சு விட அந்த இடம் வேண்டும்.

ஈரத்துணியால் தினமும் துடைக்கும்போது தண்ணீர் பலகையின் முதுகில் இறங்குவதைவிட, இடுக்கு வழியாக அடியில் இறங்குவதுதான் அதிகம். அங்கே வெயிலும் கிடையாது, காற்றும் கிடையாது. அடிப்பக்கம் பருத்து, மேல்பக்கம் அப்படியே இருந்தால் பலகை கிண்ணம் மாதிரி வளைகிறது. ஓரங்கள் தூக்கிக்கொள்வதன் ரகசியம் இதுதான்.

இதில் உடம்புக்கு என்ன கெடுதல்? அடியில் தங்குகிற ஈரத்தில் பூஞ்சணம் வளர்கிறது. மூடிய அறையைத் திறந்ததும் 'முக்கல்' வாடை அடிக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பூஞ்சணத்தின் விதைத்தூள் காற்றில் கலந்து, ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். அலர்ஜி உள்ளவர்களுக்கு அடுக்கடுக்காகத் தும்மல், கண் அரிப்பு. இந்த வாடையைப் போக்க நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கொஞ்சம் வாசனைத் திரவம் ஊற்றி, இன்னும் கொஞ்சம் ஈரமாகத் துடைக்கிறோம்!

மலைப்பக்க பங்களாக்களில் மரத்தரைக்கு அடியில் காலி இடம் விட்டு, வெளிச்சுவரின் அடிப்பகுதியில் சின்னச் சின்னக் காற்றுத் துவாரங்கள் வைத்திருப்பார்கள். எலி வருகிறது என்று அதை அடைப்பவர்கள் உண்டு. அடைக்காதீர்கள், கம்பி வலை அடியுங்கள். அந்தத் துவாரங்கள்தான் தரையின் மூக்கு.

தினசரி என்ன செய்வது?

தரைக்கு முதல் எதிரி தண்ணீர் என்றால் இரண்டாவது எதிரி மணல். தெருவிலிருந்து செருப்போடு வருகிற மணல்துகள் பாலிஷைவிடக் கெட்டி. அதன் மேல் நாம் நடக்க நடக்க, உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி பாலிஷ் போய்விடும். நல்லவேளை, செருப்பை வாசலில் விடும் பழக்கம் நம் ரத்தத்தில் ஊறியது. மேல்நாட்டுக்காரர்கள் இதை இப்போதுதான் கற்றுக்கொள்கிறார்கள். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று. அவ்வளவு போதும். கோலமாவையும் மறந்துவிடாதீர்கள். கடையில் விற்கிற வெள்ளை மாவு பெரும்பாலும் கல்லை இடித்த தூள்தான். கோலம் போட்டுவிட்டு அந்தக் காலோடு பெட்ரூமுக்குள் நடந்தால் மணலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பூந்துடைப்பத்தால் மென்மையாகக் கூட்டலாம். தென்னங்குச்சி விளக்குமாறு கூடாது, கீறும். பூந்துடைப்பத்தில் ஒரு குறை, புதிதாக வாங்கினால் அதுவே ஒரு வாரத்துக்குத் தூள் கொட்டும். அதை வாசலில் நாலு தட்டுத் தட்டி எடுத்து வாருங்கள். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் கூட்டுவதைவிட, மைக்ரோ ஃபைபர் துணி மாட்டிய நீளக் கம்பு மாப்பால் காய்ந்தபடியே இழுத்துவிடுவது நல்லது. துடைப்பம் தூசியைப் பறக்க வைக்கும். அந்தத் துணி பிடித்து வைத்துக்கொள்ளும்.

வாரத்துக்கு ஒரு முறை, அல்லது இரு முறை ஈரத்துணி. எவ்வளவு ஈரம்? துணியை நனைத்து, இனிமேல் ஒரு சொட்டுகூட வராது என்கிற அளவுக்குப் பிழியுங்கள். துடைத்த தடம் ஒரு நிமிடத்துக்குள் காய்ந்து மறைய வேண்டும். மறையவில்லையா, இன்னும் பிழியுங்கள். பலகையின் நீளவாக்கிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் அழுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய் இடுக்கில் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். முடித்ததும் ஃபேனைப் போட்டுவிடுங்கள்.

தண்ணீரில் என்ன கலப்பது? பெரும்பாலான நாட்களில் ஒன்றும் வேண்டாம். பிசுபிசுப்பு இருந்தால் நாலு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் போனால் சோப்புப் படலம் தங்கி, அதில் இன்னும் அழுக்கு ஒட்டும். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு தடவை.

இங்கே நம் ஊர்ப் பழக்கங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை துடைக்கும் தண்ணீரில் கல் உப்பும் மஞ்சளும் போடுவது. நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், காய்ந்தால் வெள்ளைக் கோடு போடும். மஞ்சள் கறை பிடிக்கும். வாசல், ஹால் டைல்ஸோடு அதை நிறுத்திக்கொண்டு மரத்தரைக்கு விலக்கு அளியுங்கள். இன்னொன்று, ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தரை துடைப்பது. சிக்கனம் பாராட்டுக்குரியது. ஆனால் போர் தண்ணீரிலிருந்த உப்பு இன்னும் கெட்டியாகத் திரண்டிருப்பது அந்தத் தண்ணீரில்தான். அதை டைல்ஸுக்கும் பாத்ரூமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வினிகரும் எலுமிச்சைச் சாறும் 'இயற்கை' என்கிற பெயரில் உள்ளே வருகின்றன. இரண்டும் அமிலம். ஒருநாள் இருநாள் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் துடைத்தால் பாலிஷ் மங்கும். நீராவி மாப்பும் மரத்துக்குக் கூடாது. சூடும் ஈரமும் சேர்ந்து இடுக்கில் புகுந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த பாட்டில்களைப் பற்றி...

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

'வாசனை வந்தால்தான் சுத்தம்' என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம். "அக்கா, ஃபினாயில் இல்லாம துடைச்சா துடைச்ச மாதிரியே இல்லக்கா" என்று வேலைக்கு வருகிறவரும் சொல்வார். உண்மையில் சுத்தத்துக்கு வாசனை கிடையாது. பெட்ரூம் தரையில் தினமும் கொன்று தீர்க்க வேண்டிய கிருமி எதுவும் இல்லை. தூசியையும் பிசுக்கையும் எடுத்தால் போதும். குழந்தை வாந்தி எடுத்தாலோ, நாய் அசுத்தம் செய்தாலோ அந்த இடத்துக்கு மட்டும் கிருமிநாசினி. அதுவும் முதலில் காகிதத்தால் வழித்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகு, லேபிளில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்து, கடைசியில் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் 6,200-க்கும் அதிகமானவர்களைச் சுமார் 20 வருடம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வீட்டைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கும், அதையே தொழிலாகச் செய்கிற பெண்களுக்கும், நுரையீரலின் திறன் மற்றப் பெண்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. ரசாயனத் திரவங்களின் ஆவியும் ஸ்ப்ரேயும் தினம் தினம் கொஞ்சமாக மூச்சுக்குழாயை அரிப்பதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கருத்து. அநேக வேலைகளுக்கு மைக்ரோ ஃபைபர் துணியும் தண்ணீருமே போதும் என்கிறார்கள். நாலு வீட்டில் வேலை செய்கிற பெண் நாலு வீட்டு ஃபினாயிலையும் சுவாசிக்கிறார் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

அடுத்தது கலப்படம். கடைக்காரர் செய்வதல்ல, நாம் செய்வது. பெட்ரூமை ஒட்டி பாத்ரூம் இருக்கும். அங்கே ஆசிட் ஊற்றித் தேய்த்த பக்கெட்டிலேயே, தரைக்கென்று பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கலந்தால் என்ன ஆகும்? குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்தருகே ஜெர்மானியப் படை எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே வாயுதான். மூடிய பாத்ரூமில் கொஞ்சம் கிளம்பினாலே போதும். கண் எரிந்து, தொண்டை அடைத்து, நெஞ்சு இறுகும். பிளீச்சோடு வினிகரைக் கலந்தாலும் இதே கதை. அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு கலந்தால் வேறொரு நச்சு வாயு. 'ரெண்டையும் சேர்த்தா பவர் ஜாஸ்தி' என்கிற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். பிளீச் மரத்தை வெளுத்துக் கெடுக்கும் என்பது இருக்கட்டும், அதற்கு முன்னால் உங்களைக் கெடுக்கும்.

அப்படி நேர்ந்துவிட்டால் 'தண்ணி ஊத்தி அலசிடலாம்' என்று அங்கேயே நிற்காதீர்கள். உடனே வெளியே வாருங்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு நல்ல காற்றில் உட்காருங்கள். மூச்சு வாங்கினாலோ, இருமல் நிற்காவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். முதலில் சரியாகிவிட்ட மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறுவதும் உண்டு. ஆகையால் ஆஸ்துமாக்காரர்கள் டாக்டரைப் பார்த்துவிடுவதே மேல். கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரை 15 நிமிடத்துக்குக் குறையாமல் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள், 15 நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம்.

மூன்றாவது, எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். ஃபினாயிலையும் ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் காலியான கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது! படித்த வீடுகளிலும் நடக்கிறது. வெள்ளை ஃபினாயில் பார்க்கப் பால் மாதிரி இருக்கும். மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி. இரண்டு வயதுக் குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது, பாட்டில் வடிவம் மட்டும் தெரியும். மரத்தரையில் கறையான் வரக்கூடாது என்றும், பளபளப்பு வரட்டும் என்றும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது கறையானை ஒழிப்பதில்லை. வீட்டுக்குள் தீப்பிடிக்கும் ஆவியையும் ஒரு விஷ பாட்டிலையும் சேர்ப்பதுதான் மிச்சம்.

குழந்தை இவற்றில் எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது, எதுவும் கூடாது. ஆசிட் போகும்போது ஒரு தடவை சுட்டது, திரும்பி வரும்போது இன்னொரு தடவை சுடும். மண்ணெண்ணெய் வாந்தியாக வரும்போது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடும். வாயைச் சுற்றித் துடைத்துவிட்டு, நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன குடித்தது என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. ஃபினாயில் போட்ட தரையில் நடந்துவிட்டு அது பாதத்தை நக்கும். புரிகிறதல்லவா?

கறை பட்டால்...

எண்ணெய் சிந்தினால் உடனே காகிதத்தால் ஒற்றி எடுத்து, மேலே கொஞ்சம் மைதா மாவைத் தூவி அரை மணி கழித்துக் கூட்டிவிடுங்கள். குங்குமமோ மஞ்சள்தூளோ கொட்டினால் ஈரத்துணியோடு ஓடாதீர்கள், காய்ந்தபடியே அள்ளுங்கள். ஈரம் பட்டால்தான் சாயம் ஏறும். அப்படியும் ஏறிய மஞ்சள் கறை வெயில் படுகிற இடத்தில் தானாகவே மெல்ல மங்கும். சூயிங் கம், மெழுகு ஒட்டினால் ஐஸ் கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வையுங்கள். இறுகியதும் பழைய ஏ.டி.எம். கார்டால் நெம்பினால் வந்துவிடும்.

இரும்புக் கம்பி ஸ்க்ரப்பர் கூடவே கூடாது. கீறுவது மட்டுமல்ல, உடைந்த இரும்புத் துகள் ஈரத்தில் துருப்பிடித்து, ஓக், தேக்கு போன்ற மரங்களில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புக் கறையாகிவிடும். அது அழுக்கல்ல, மை. கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை தயாரித்தார்களே, அந்த ரசாயனம்தான். பூந்தொட்டி ஸ்டாண்ட், பீரோ கால் இருக்குமிடத்தில் கறுப்பு வளையம் விழுவதும் இதனால்தான். அடியில் கனமான துணி வில்லைகளை ஒட்டிவிடுங்கள்.

எண்ணெய்த் துணி தானே எரியும்!

அசல் தேக்குத் தரைக்கு வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயவே காயாது. பிசுபிசுவென்று தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். வழுக்கவும் செய்யும். தச்சர்கள் சிபாரிசு செய்வது லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய். அது காற்றோடு சேர்ந்து தானே இறுகும். நல்ல எண்ணெய்தான். ஆனால் ஒரு அபாயம் இருக்கிறது.

அந்த எண்ணெய் காயும்போது சூட்டை வெளியிடும். தரையில் மெல்லிசாகப் பரவியிருக்கும்போது சூடு காற்றோடு போய்விடும். ஆனால் பூசி முடித்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால்? சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி ஏறி, சில மணி நேரத்தில் துணி தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சி, பீடி எதுவும் வேண்டாம். கதை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில், மரப்பலகைச் சுவருக்கு மெருகேற்றியவர்கள் இப்படித்தான் எண்ணெய்த் துணிகளை விட்டுவிட்டுப் போனார்கள். 1991 பிப்ரவரி 23 இரவில் பற்றிய தீ மாடி மாடியாக ஏறி, தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி இருந்த 30-வது மாடியில்தான் நின்றது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள்.

ஆகவே எண்ணெய்த் துணியைச் சுருட்டாமல், மடிக்காமல், வெளியில் தனித்தனியாக விரித்துக் காயப் போடுங்கள். முழுக்க விறைத்த பிறகுதான் குப்பை. முடியாவிட்டால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள். வேலை செய்ய வந்த தச்சர் போகும்போது துணியை எங்கே போட்டார் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பளபளப்பு வழுக்கும்

உலகம் முழுவதும் விபத்தால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் வயதானவர்களே அதிகம். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அது வெறும் எலும்பு முறிவோடு நிற்காது. படுக்கை, படுக்கைப் புண், சளி என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

மரத்தரை தன்னளவில் கிரானைட்டைவிடக் குறைவாகத்தான் வழுக்கும். அதை வழுக்க வைப்பது நாம் போடும் மெழுகும் 'ஷைனர்' திரவங்களும்தான். பாட்டி இருக்கிற வீட்டில் தரையில் முகம் தெரிய வேண்டிய அவசியமில்லை. பவுடர் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். கேரம் போர்டுக்குப் போடும் பவுடரும் சேர்த்திதான். பல இடங்களில் அது போரிக் பவுடர், குழந்தை வாய்க்குப் போனாலும் கெடுதல். ஈரத்துணி போடும் நேரத்தைப் பாட்டி பாத்ரூமுக்குப் போகும் நேரத்தோடு மோதாமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே நழுவுகிற மிதியடி வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் சாக்ஸோடு சறுக்கி விளையாடுவது பார்க்க வேடிக்கைதான்... கட்டில் கால் வரும் வரைக்கும்!

பாலிஷ் போடும் நாட்களில்

தேய்ந்த தரையை இழைத்துப் புதுப் பாலிஷ் போட வேண்டி வரும். இழைக்கும்போது பறக்கும் மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வருடக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் தொழிலாளிகளுக்குத்தான் அந்த ஆபத்து. நமக்கு இரண்டு நாளில் வருவது இருமலும் இழுப்பும். ஆகவே வேலை செய்கிற தச்சருக்கு ஒரு நல்ல என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கர்சீஃப் கட்டுவது போதாது. அறைக்கதவின் இடுக்கை ஈரத்துணியால் அடைத்து, குழந்தைகளையும் ஆஸ்துமாக்காரர்களையும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பாலிஷ், தின்னர் வாடை போகும்வரை அந்த அறையில் படுக்கக் கூடாது. தொட்டால் ஒட்டாமல் காய்ந்துவிட்டது என்பதற்காகச் சாமான்களை அடுக்கி, ஏ.சி.யைப் போட்டு மூடிக்கொள்ளாதீர்கள். புது லேமினேட்டுக்கும் இதே விதி. அதன் அட்டையை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கண்ணைக் கரிக்கும். இதையும் அதே பிரிவு 2004-ல் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது. வாங்கும்போதே 'இ-1' அல்லது அதைவிடக் குறைந்த வாயு வெளியிடும் ரகமா என்று கேட்டு, அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போட்ட பிறகு முதல் சில வாரங்கள் பகலில் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். மழை நாளில் மட்டும் சாரல் அடிக்கிற பக்கத்தைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். பால்கனிக் கதவின் அடியில் ஒரு பழைய டவலைச் சுருட்டி வைத்து, அது நனைந்ததும் மாற்றிவிடுங்கள்.